பந்தியில் கற்ற பாடம்

சென்ற வாரம் ஒரு நாள் சாயங்காலம் நான் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு நண்பர் வந்து சேர்ந்தார். அவர் சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கெழுதி, இப்போது பென்ஷன் வாங்குகிறவர். உலகத்தில் எந்த விஷயத்தையும் வரவு செலவாகப் பார்த்தே பழக்கப்பட்டவர். நல்ல மனுஷர். ஆனால் நல்ல மனுஷர்களுடைய அபிப்பிராயங்கள் எல்லாம் நல்ல அபிப்பிராயங்களாகவே இருக்கும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை.

"பார்த்தீர்களா ஸார்! பள்ளிக்கூடம் என்றால் பாடம் சொல்லிக்கொடுக்கிற இடம். காலையில் உப்புமா, மத்தியானம் சாதம், முட்டை என்று அதைச் சாப்பாட்டுக் கடை ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகள் படிக்கப் போகிறார்களா, பந்திக்குப் போகிறார்களா?" என்று ஆரம்பித்தார்.

"உங்கள் பேத்தியும் பள்ளிக்கூடத்திலேதான் சாப்பிடுகிறாளோ?" என்று கேட்டேன்.

"அவள் படிக்கிறது வேறே பள்ளிக்கூடம். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு போகிறாள். அதில்கூடப் போன மாதம் ஒரு சங்கடம். பக்கத்தில் உட்காரும் பெண்ணோடு டப்பாவை மாற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்தப் பெண் யாரோ, என்னவோ! என் மருமகள் மறுநாளே போய் டீச்சரம்மாளிடம் சொல்லி, குழந்தையை வேறு பெஞ்சிக்கு மாற்றிவிட்டு வந்தாள். எல்லாம் சுத்தத்துக்காகத்தான்."

'யாரோ, என்னவோ' என்ற அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டதும் என் மனம் நூறு வருஷம் பின்னால் போய், தாமிரபரணிக் கரையில் நின்றது. நண்பருக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்கிறேன்.

திருநெல்வேலி ஜில்லாவில் சேரன்மாதேவி என்ற ஊர் இருக்கிறது. அங்கே வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், அதாவது வ. வே. ஸு. ஐயர், 1920-க்குப் பிந்திய வருஷங்களில் ஒரு குருகுலம் நடத்தினார். ஐயரைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. லண்டனுக்கு பாரிஸ்டர் படிப்புக்காகப் போய், அங்கே தேசபக்தர் கூட்டத்தில் சேர்ந்து, 1910-இல் போலீஸாருடைய கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். சிறையில் இருந்துகொண்டே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நூல் எழுதியவர். தமிழில் சிறுகதைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். இவ்வளவும் செய்த மனிதர் கடைசியில், தேசத்துக்கு வேண்டியது பிள்ளைகளை உருவாக்கும் ஒரு பள்ளிக்கூடம் என்ற முடிவுக்கு வந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய யோசனை உயர்ந்தது. பாடங்கள் தாய்மொழியில். புத்தகத்தோடு வயல் வேலையும் கைத்தொழிலும் தேகாப்பியாசமும். உபாத்தியாயரும் மாணாக்கரும் ஒரே இடத்தில் வாசம். அந்நிய சர்க்காரின் பள்ளிக்கூடங்களைப் பகிஷ்கரித்துவிட்டுத் தேசீயக் கல்வி வேண்டும் என்று ஜனங்கள் தாகித்துக்கொண்டிருந்த காலம் அது. ஜாதி பேதம் பாராமல் பலரும் நன்கொடை கொடுத்தார்கள். தமிழ் நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் கொடுப்பதாகத் தீர்மானித்து, முதலில் ஐயாயிரம் கொடுத்தது.

அப்புறம் ஒரு சமாசாரம் மெல்ல வெளியே வந்தது. குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சேராமல் தனியே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதே அது.

இரண்டே இரண்டு பிள்ளைகள்! ஐயருக்கு இதில் சொந்தமாக ஜாதி அபிமானம் இருந்ததென்று சொல்ல முடியாது. அவரே எல்லோருடனும் சமமாகப் பழகியவர் என்றுதான் அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெற்றோர்கள் தனியே சாப்பாடு போடவேண்டும் என்று கேட்டார்கள். தாம் சம்மதித்து வாக்குக் கொடுத்துவிட்டதாகவும், கொடுத்த வாக்கை மீற முடியாதென்றும் அவர் சொன்னார். வாக்குத் தவறாமை பெரிய குணந்தான். ஆனால் அந்த வாக்கை யாருடைய தலையில் வைத்துக் கொடுத்தார் என்பதை அவர் கவனிக்கத் தவறிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. மற்றப் பிள்ளைகளுடைய பெற்றோரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கும் ஒரு வாக்கு, சொல்லாமலே, கொடுக்கப்பட்டிருந்தது அல்லவா? இது தேசத்தின் பள்ளிக்கூடம், உங்கள் பிள்ளை தேசத்தின் பிள்ளை என்ற வாக்கு.

இந்த இடத்தில் நண்பர் குறுக்கிட்டார். "இரண்டு பையன்கள் ஒரு மூலையில் தனியே சாப்பிட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்றார்.

"நீங்கள் கணக்கிலே கெட்டிக்காரராயிற்றே! இரண்டு பேர் தனியே சாப்பிட்டார்கள் என்பது ஒரு கணக்கு. மற்ற அத்தனை பேரும் அந்த இரண்டு பேருக்குத் தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டார்கள் என்பது இன்னொரு கணக்கு. பேரேட்டில் எதைப் பதிவு செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் பொடி டப்பியைத் தட்டினார்.

உண்மையில் அந்தக் குருகுலத்தில் கம்பராமாயணப் பாடம் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும், பிள்ளைகள் தினந்தோறும் தவறாமல் கற்ற பாடம் சாப்பாட்டு வேளையில்தான் நடந்தது. அதற்குப் பலகையும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். இலை போட்ட இடமே பாடம். நான் யார், என் பக்கத்திலிருப்பவன் யார், நாங்கள் இருவரும் சேர்ந்து 'நாங்கள்' ஆவோமா, ஆகமாட்டோமா என்ற பெரிய கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிடுகிறது. அப்படிக் கிடைத்த விடையைப் பிற்பாடு எந்தப் பிரசங்கத்தாலும் அழித்து எழுத முடியாது.

விஷயம் பெரிதாயிற்று. டாக்டர் வரதராஜுலு நாயுடு பத்திரிகையில் எழுதினார். காங்கிரஸ் கமிட்டியின் காரியதரிசியாக இருந்த ஈ. வெ. ராமசாமி நாயக்கர், பாக்கி ஐயாயிரத்தைக் கொடுக்க மறுத்தார். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சிறைக்குப் போய் வந்தவர், சேரன்மாதேவியில் தனிப் பந்திக்குப் பணம் கொடுப்பாரா? 1925-இல் மகாத்மா காந்தி தென்னாட்டுக்கு வந்தபோது வழக்கு அவரிடமும் போயிற்று. முன்னமே வாக்குக் கொடுத்திருக்கும் பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டு, இனிமேல் தனிச் சாப்பாட்டுக்கு யாரையும் சேர்க்கவேண்டாம் என்கிற மாதிரியில் மகாத்மா ஒரு சமரசம் சொன்னார். அது ஒரு தரப்பாருக்கும் திருப்தி அளிக்கவில்லை. அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாதென்றும், தேசீய இயக்கத்தில் சேர்ந்த ஸ்தாபனங்கள் இதை அநுசரிக்கவேண்டுமென்றும் தீர்மானம் செய்தது. அந்தத் தீர்மானத்தை ஒப்பாமல் சில பெரிய தலைவர்கள் கமிட்டியிலிருந்து ராஜினாமாச் செய்தார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அடுத்து நடந்ததைச் சொல்ல மனம் வருந்துகிறது. 1925 ஜூன் மாதத்தில் ஐயர் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்துக்குப் போயிருந்தார். அவருடைய பெண் சுபத்திரை அருவியில் அகப்பட்டுக்கொண்டாள். குழந்தையைக் காப்பாற்றக் குதித்த தகப்பனாரும் அவளோடு போய்விட்டார். பெரிய வீரனுக்கு அருவி ஜலத்தில் முடிவு! அவருடைய குருகுலம் அதன் பிறகு பழைய பிரகாசத்தை அடையவில்லை. அந்த வருஷ முடிவில் ராமசாமி நாயக்கர் காஞ்சீபுரம் மகாநாட்டிலிருந்து காங்கிரஸை விட்டே வெளியேறினார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தமிழ் நாட்டின் அரசியலில் ஏற்பட்ட அந்தப் பெரிய பிளவில் இரண்டு வாழையிலைகளுக்கும் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

இதே சமயத்தில், இதே கேள்விக்கு வேறோர் ஊரில் வேறொரு விடை எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அதை நம்மவர்களில் அநேகர் அறியமாட்டார்கள். அதனாலேயே கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மகாராஷ்டிரத்தில் சதாரா என்று ஒரு பட்டணம். அங்கே பாவுராவ் பாட்டீல் என்று ஒருவர். ஜைனக் குடும்பத்தில் 1887-இல் பிறந்தவர். ஐயரைப் போல் அவர் பாரிஸ்டர் படிப்புப் படித்தவர் அல்ல. உயர்தரப் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். சிறு வயதில் கோலாப்பூரில் ஜைன மாணவர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஏற்பட்ட விடுதியின் திறப்பு விழாவுக்குப் போய் வந்தார். "ஸ்நானம் செய்துவிட்டு உள்ளே வா" என்றார்கள். "மாட்டேன்" என்றார். விடுதியை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். ஒரு பையனுக்கு விடுதிக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. அவன் வளர்ந்து பெரியவனாகி எல்லோருக்கும் கதவு திறந்த விடுதி ஒன்றைக் கட்டுவான் என்று யாருக்குத் தெரியும்?

1919-இல் காலே என்ற கிராமத்தில் 'ரயத் சிக்ஷண் ஸம்ஸ்தா' என்ற ஸ்தாபனத்தை அவர் ஆரம்பித்தார். ரயத் என்றால் குடியானவர். குடியானவர்களுக்கான கல்விக் கழகம் என்று பொருள். 1924-இல் அது சதாராவுக்கு வந்தது. அங்கே மராட்டியர், மகார், ஜைனர், முஸ்லிம் என்ற வித்தியாசமில்லாமல் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு விடுதி நடத்தினார். பெற்றோருக்கு அவர் கொடுத்த வாக்கு ஒன்றே: உன் பிள்ளை இங்கே எல்லோரோடும் சேர்ந்து சமைப்பான், சேர்ந்து சாப்பிடுவான், சேர்ந்து பாத்திரம் தேய்ப்பான். இஷ்டமிருந்தால் சேர்க்கலாம்.

சேர்த்தார்கள். அதுதான் ஆச்சரியம். ஊர் ஒப்பாது, பெற்றோர் ஒப்பமாட்டார்கள், காலம் கனியவில்லை என்று நாம் எவ்வளவு சொல்லுகிறோம்! தாமிரபரணிக் கரையில் கனியாத காலம் கிருஷ்ணா நதிப் பக்கத்தில் மட்டும் எப்படிக் கனிந்தது? எதிர்ப்பு அங்கேயும் இல்லாமலில்லை. ஆனால் நிபந்தனை விதித்தவர்கள் பெற்றோர்கள் அல்ல, பள்ளிக்கூடம் விதித்தது. வித்தியாசம் முழுவதும் அதிலே இருக்கிறது.

இந்த விடுதியை நடத்தப் பணம்? பாவுராவ் கிராமம் கிராமமாகப் போய்த் தானியம் யாசித்தார். பிள்ளைகள் வயலில் வேலை செய்து சம்பாதித்துக்கொண்டே படித்தார்கள். 'உழைத்துப் படி' என்பது அங்கே சுவரில் எழுதி வைக்கும் வாசகமல்ல. அன்றாடச் சோற்றுக்கு வழி. அப்படியும் ஒரு நாள் வீட்டிலே ஒரு மணி தானியம் இல்லை. அவருடைய மனைவி லக்ஷ்மீபாயி, ஆசாரம் மிகுந்த செல்வக் குடும்பத்தில் பிறந்த பெண்மணி. கண்ட ஜாதிப் பிள்ளைகள் வீட்டில் வந்து நிறைவதைப் பிறந்த வீட்டு வழக்கப்படி பார்த்தால் அவரால் சகித்திருக்க முடியாது. அந்த அம்மாள் முன்னமே மற்ற நகைகளைப் பிள்ளைகளுக்காகக் கொடுத்து விட்டிருந்தார். மிஞ்சியிருந்தது கழுத்தில் கிடந்த மங்கள சூத்திரம். பிள்ளைகள் பசியோடு படுக்கக் கூடாதென்று அதையும் கழற்றிக் கொடுத்தார். 1930-இல் லக்ஷ்மீபாயி காலமானார். அந்த அம்மாளைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு படம்கூட வந்து நான் பார்த்ததில்லை.

1927-இல் மகாத்மா காந்தி சதாராவுக்கு வந்து இந்த விடுதியைப் பார்வையிட்டார். கோலாப்பூர் அரசர் சாகு மகாராஜாவின் பெயரை அதற்கு அவரே சூட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்பு சேரன்மாதேவி வழக்கில் சமரசம் சொல்லிக் களைத்துப்போனவர் அல்லவா? சதாராவின் பந்தியைப் பார்த்தபோது அவருக்கு அந்த ஞாபகம் வந்திருக்குமோ என்று நான் பல தடவை எண்ணிப் பார்த்ததுண்டு. பாவுராவ் 1959-இல் காலமானார். அவருடைய ஸ்தாபனம் எழுநூறுக்கு மேற்பட்ட பள்ளிகளும் கல்லூரிகளுமாகப் பெருகிற்று. அதற்கு ஆலமரத்தைச் சின்னமாக வைத்தார்கள், பொருத்தந்தான்.

மகாராஷ்டிரத்து ஜனங்கள் பாவுராவுக்குக் 'கர்மவீரர்' என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் நாட்டில் கர்மவீரர் என்றால் யார் என்று குழந்தையும் சொல்லும். காமராஜரும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். இரண்டு மாகாணத்து ஜனங்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மனிதர்களுக்கு ஒரே பட்டத்தைக் கொடுத்திருப்பது வேடிக்கையாக இல்லையா?

"சரி, அந்தச் சோற்றுக்குத்தான் வருகிறேன்" என்றார் நண்பர். "பசிக்குச் சோறு போட்டால் போடட்டும். அதை ஏன் கல்வி என்று சொல்லவேண்டும்?"

நியாயமான கேள்வி. பசி தீருவது முதற்காரியம் என்பதை நான் மறுக்கவில்லை. சென்னை நகரசபை, தியாகராய செட்டியார் தலைவராக இருந்த 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுக்கத் தீர்மானித்தது; ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் ஆகக் கூடாதென்று நிபந்தனை. பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை என்பதே அதற்குக் காரணம். 1956-இல் காமராஜர் மாகாணம் முழுவதும் மதிய உணவைப் பரப்பியபோதும் முதல் நோக்கம் அதுவே. செலவில் ஒரு பங்கை ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கல்வி இலாகாவின் தலைவராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக மகாநாடு கூட்டி, பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதை ஊராரையே கொடுக்கச் செய்தார். பெஞ்சியும் கொடுத்தார்கள், கடிகாரமும் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குச் சீருடையும் கொடுத்தார்கள். 1982-இல் எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவாக விரிவுபடுத்தினார். 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்த காலை உணவு மறு வருஷமே எல்லா அரசாங்க ஆரம்பப் பள்ளிகளுக்கும் போயிற்று. நூறு வருஷத்தில் ஓர் அணாவிலிருந்து இவ்வளவு தூரம்.

ஆனால் பசியை மட்டும் தீர்ப்பதென்றால் வீட்டுக்கு அரிசியை அனுப்பிவிடலாமே! நாற்பது பிள்ளைகள் ஒரே கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து ஒரே கரண்டியால் பரிமாறப்பட்டதைச் சாப்பிடுகிறார்களே, அது அரிசி மூட்டையில் கிடைக்காது. நம் தேசத்தில் ஆயிரம் வருஷமாகக் கோயிலில் நடக்காதது, கலியாணப் பந்தலில் நடக்காதது, ஹோட்டலிலேகூடத் தடியடிக்குப் பிறகு நடந்தது, ஒவ்வொரு குக்கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் தினமும் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு நடக்கிறது. இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பாட புத்தகத்தில் இருக்கிறது?

இது சாப்பாட்டோடு முடிகிற விஷயமும் அல்ல. பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்பது படிப்பையே பாதிக்கும். நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் உண்டு. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு மணலில் விரல் பிடித்து எழுதக் கற்றுக்கொடுப்பான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தியபோது இந்தக் காட்சியைக் கண்டு, தம் பள்ளியிலும் கையாண்டு பார்த்து, 1797-இல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். சீமையில் அந்த முறைக்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வந்துவிட்டது! பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வித்தையை நாம் சீமைக்கு ஏற்றுமதி செய்தோம். ஆனால் நம் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தோமா? கொடுக்கவில்லை. தெருப் பக்கமே வரக்கூடாதென்று விரட்டப்பட்ட பிள்ளை யாரிடம் கற்றுக்கொள்வான், யாருக்குச் சொல்லிக்கொடுப்பான்? அவனிடமிருந்து மற்றவர்கள் கற்றிருக்கக் கூடியது எவ்வளவு என்பதும் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. நஷ்டக் கணக்கில் நாம் எழுத மறந்த தொகை அது.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லக் கூடுமானால் இந்தக் கட்டுரையை இத்துடன் சந்தோஷமாக முடித்துவிடுவேன். 2018-இல் திருப்பூர் ஜில்லாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், சமையல் செய்ய வந்த அம்மாள் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதற்காகச் சில பெற்றோர் சமைக்கக் கூடாதென்று தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாளை மாற்றினார்கள்; கண்டனம் எழுந்த பிறகு மாற்றல் உத்தரவு ரத்தாயிற்று. 2023-இல் கரூர் ஜில்லாவில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் காலை உணவை அதே காரணத்துக்காகப் பல பிள்ளைகள் தொடவில்லை. ஜில்லா கலெக்டரே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டியதாயிற்று. ஆறு வயதுப் பிள்ளைக்கு உப்புமாவில் ஜாதி இருப்பதாக யார் சொல்லிக்கொடுத்தது? உபாத்தியாயர் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். நாங்குநேரி சேரன்மாதேவிக்கு வெகு தூரமில்லை; அதே திருநெல்வேலி ஜில்லாதான். ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி சந்துருவைக் கொண்டு சர்க்கார் விசாரணை நடத்தியது. 2024-இல் அவர் கொடுத்த அறிக்கையில் பெரிய பெரிய சிபார்சுகள் பல உண்டு. எனக்கு மனத்தில் தைத்தது ஒரு சின்ன சிபார்சு: வகுப்பில் பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கவேண்டும். கையில் வர்ணக் கயிறு கட்டிக்கொண்டு இவன் எங்கள் ஆள், அவன் உங்கள் ஆள் என்று பிரிந்து உட்காருவதற்கு அது ஒரு பரிகாரம். நூறு வருஷத்துக்கு முன் பந்தியில் கேட்ட கேள்வியே மறுபடி பெஞ்சியில் வந்து நிற்கிறது. யார் பக்கத்தில் யார்?

சட்டம் பெஞ்சியை மாற்றும், மாற்றவும் வேண்டும். நாங்குநேரியில் அரிவாளைத் தூக்கின பிள்ளைகளும் ஒரு காலத்தில் டப்பாவை மாற்றிக்கொண்டு சாப்பிட ஆசைப்பட்ட குழந்தைகளாகவே இருந்திருப்பார்கள். அந்த ஆசையை ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில், ஏதோ ஒரு சாயங்காலத்தில், யாரோ நல்ல மனுஷர்கள் மெதுவாகக் கண்டித்திருப்பார்கள். சத்தம் போட்டுக்கூட இராது. "அந்தப் பையன் யாரோ, என்னவோ!" என்றிருப்பார்கள். அவ்வளவுதான்.

நான் இதைச் சொன்னபோது நண்பரின் முகம் சிவந்துவிட்டது. "நான் சுத்தத்தைச் சொன்னேன் ஸார். நீங்கள் எதையோ கொண்டு போய் எதிலேயோ முடிச்சுப் போடுகிறீர்களே!" என்றார்.

"அப்படியானால் அந்தப் பெண் அழுக்காக வருகிறாளா?"

"அதெல்லாம் நான் பார்த்ததில்லை."

அவர் வீட்டு அம்மாள், இருட்டிவிட்டதே, அவரை இன்னும் காணோமே என்று கூப்பிட வந்தவர், சற்று நேரமாகவே எங்கள் வாசற்படி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார் போலிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

"நான் பார்த்திருக்கிறேன். ஆண்டு விழாவிலே பார்த்தேன். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னி, நம் குழந்தையைவிடப் பளிச்சென்று இருந்தது" என்றார் அந்த அம்மாள். "அன்றைக்கு டப்பாவில் கொண்டு வந்திருந்தது புளிச்சாதம். ராத்திரி படுத்துக்கொண்டு நம் குழந்தை அதைப் பற்றியேதான் பேசினாள். மருமகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினபோது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை."

யாரும் பேசவில்லை. தெருவிலே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"நாளைக்கு எனக்குப் பென்ஷன் ஆபீஸில் வேலை இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே நண்பர் எழுந்து அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் போகிற வழியிலேதானே இருக்கிறது?" என்றார் அந்த அம்மாள்.